பரண் மேல் ஓர் இரவு, வேட்களத்தில் ஒரு காலை

வேப்பூர் பக்கத்து வாசகர் ஒருவர் கேள்வி-பதில் பகுதிக்கு அனுப்பிய அஞ்சலட்டை என் கைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் மரத்தில் பரண் கட்டி உட்கார்ந்து வில்லால் மான் அடிக்கிறார்கள். என் மகன் செல்போனில் காட்டினான். சத்தமும் இல்லை, துப்பாக்கி லைசென்ஸும் தேவையில்லை. எங்கள் மக்காச்சோளத்தை மானும் பன்றியும் அழிக்கின்றன. நாங்களும் அப்படிச் செய்யலாமா? வில் எங்கே கிடைக்கும்?"

செய்யக்கூடாது என்று ஒரு வரியில் பதில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் தூக்கம் கெட்ட மனிதரின் கேள்வி அது. மார்கழி முதல் வாரத்தில் சிதம்பரத்தில் ஒரு வேலை இருந்தது. கடலூரிலிருந்து நேராகப் புவனகிரி வழியாகப் போகாமல், விருத்தாசலம், வேப்பூர் என்று சுற்றிக்கொண்டு போனேன்.

நம் மாவட்டத்தைக் கடற்கரையும் நெல்லும் கரும்பும் முந்திரியுமாகவே வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். விருத்தாசலம் தாண்டி மேற்கே போனால் வேறு நிலம். மானாவாரி, மக்காச்சோளம், பருத்தி, உளுந்து. நடுநடுவே முட்புதரும் தைல மரமுமாகக் காப்புக்காடுகள். அந்தக் காட்டில் புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. காட்டுப்பன்றி ஒரு ஈற்றில் நாலு, ஆறு என்று குட்டி போடும். அதைத் தின்ன ஆள் இல்லை. புள்ளிமானும் அப்படித்தான். சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் மான் அடிபட்டுக் கிடந்தது என்ற செய்தி அந்தப் பக்கத்து மக்களுக்குப் புதிதே அல்ல.

நான் போன வயலில் சோளம் பால் பிடித்திருந்தது. பன்றிக்கு இதைவிட நல்ல நாள் கிடையாது. 3 ஏக்கர். மேற்கு வரப்பை ஒட்டிக் காடு. கிழக்கு மூலையில் ஒரு வேப்பமரம். அதன் கவட்டையில் சவுக்குக் கட்டைகளைக் குறுக்கே போட்டு, மேலே மூங்கில் பரப்பி, பனை ஓலையால் கூரை போட்டிருந்தார்கள். தரையிலிருந்து 12 அடி இருக்கும். ஏறுவதற்கு மரத்தில் அடித்த கட்டைகள். மேலே ஒரு கிழிந்த ஜமுக்காளம், டார்ச் லைட், தகர டின், ஒரு கம்பு. வயலைச் சுற்றிப் பழைய புடவைகள் கட்டியிருந்தன. ஒரு மூலையில் சின்ன ஸ்பீக்கர், பதிவு செய்த குரலில் "ஏய்... ஓய்..." என்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது. "முதல் 4 நாள் பயந்துச்சு சார். இப்ப அது பாட்டுக்குக் கத்துது, பன்னி பாட்டுக்குத் தின்னுது" என்றார் வயல்காரர்.

அவருக்கும் அவர் மனைவிக்கும் முறை வைத்துக் காவல். நடு இரவு வரை அவர், அதன்பின் அந்த அம்மா. நான் போன அன்று மூன்று பேரும் விழித்திருந்தோம். அந்த அம்மாதான் விவரமாகப் பேசினார். வாடைக்காற்று வீசும் நாட்களில் பன்றி காட்டுப் பக்கத்திலிருந்து நேரே வராதாம். சுற்றிக்கொண்டு வடகிழக்கு மூலையில் இறங்குமாம். "அந்தப் பக்கம் நம்ம வாசனை போகாது சார். காத்து அங்கேருந்துதான இங்க அடிக்குது." பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு கூர்மை என்று நாங்கள் கல்லூரியில் படித்ததை, திசையோடு சொல்லிக்கொடுத்துவிட்டார். அந்த மூலையில்தான் அவர் எருமூட்டம் போட்டுப் புகைய விடுகிறார். காற்றை அறிந்து போட்ட புகை. வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான வயல்களில் காவல்காரருக்கு வசதியான இடத்தில்தான் மூட்டம் போடுகிறார்கள்.

வாசகர் கேட்ட அமெரிக்க வேட்டையை இங்கே ஒப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன். அங்கே பரணின் உயரம் பெரும்பாலும் 15 முதல் 20 அடி. வேட்டைக்காரர் விடியலுக்கு முன்பே ஏறிவிடுவார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் மரத்தையே தேர்ந்தெடுப்பார். மான் வரும் தடத்துக்கு அவர் உடம்பு வாசனை போகக்கூடாது; உடுப்பைக்கூட வாசனை இல்லாத சோப்பில் துவைப்பார்கள். மான் 60, 90 அடிக்குள் வந்தால்தான் அம்பு. அதற்கு மேல் தூரம் என்றால் பொறுப்பான ஆள் விடமாட்டார். அம்பு பட்ட மானும் உடனே விழாது. ஓடும். அரைமணி நேரமாவது பொறுத்திருந்து, ரத்தத் துளிகளைப் பார்த்துத் தேடிப் போக வேண்டும். சில சமயம் கிடைக்காது; காயத்தோடு போய் எங்கோ சாகும். அங்கேயும் மானைத் தின்னும் ஓநாய்கள் பல மாநிலங்களில் அற்றுப்போயின. மான் பெருகி, அவர்கள் சோளத்தையும் தின்கிறது. அதனால் அரசே பருவம் குறித்து, ஆளுக்கு இத்தனை என்று எண்ணி, கட்டணம் வாங்கி அனுமதிச் சீட்டு கொடுக்கிறது. வில்லுக்கும் அங்கே லைசென்ஸ் உண்டு. வாசகரின் மகன் பார்த்த படத்தில் அந்தச் சீட்டு தெரிந்திருக்காது.

ஆக, இரண்டும் பரண்தான், தொழில் நேர் எதிர். வேட்டைக்காரர் மான் வர வேண்டும் என்று ஒளிந்திருக்கிறார். நம் ஆள் வரக்கூடாது என்று டின் அடிக்கிறார். அவருக்கு வாசனை போகக்கூடாது, நமக்குப் போக வேண்டும். வில்லோடு சத்தமில்லாமல் உட்கார்ந்தால் ஒரு மான் அடிபடலாம். அதற்குள் மற்ற மூலையில் பத்துப் பன்றி புகுந்து அரை ஏக்கரைச் சாய்த்துவிட்டுப் போய்விடும். பயிர்க் கணக்கில் பார்த்தாலும் அது கட்டாது.

பரண் நமக்குப் புதிதும் அல்ல. வள்ளி தினைப்புனத்தில் பரண் மேல் நின்று ஆலோலம் பாடிக் கிளி விரட்டிய கதையை நம் ஊர் நாடக மேடைகளில் விடிய விடியப் பார்த்திருக்கிறோம். அங்கேயும் வில்லோடு ஒரு வேடன் வருகிறான், மானைப் பார்த்தாயா என்று கேட்கிறான். மானையும் அடிக்கவில்லை, தினையும் காக்கவில்லை, கல்யாணத்தில் முடிந்தது. வடக்கே வேட்டைப் பரணுக்கு மச்சான் என்று பெயர். ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிக் குமாவுன் மலைகளில் இரவிரவாக ஜிம் கார்பெட் உட்கார்ந்திருந்தது அந்த மச்சானில்தான். நம் ஊரில் மச்சான் என்றால் சோளக்காட்டுக் காவலுக்குத் துணைக்குக் கூப்பிட வேண்டிய ஆள்.

அந்தக் காலமெல்லாம் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்தது. மான், மயில், காட்டுப்பன்றி எல்லாமே அதன் பாதுகாப்பில் உள்ளன. துப்பாக்கியானாலும் வில்லானாலும் சுருக்குக் கம்பியானாலும் ஒன்றுதான். பலருக்கும் தெரியாத விஷயம், சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் பிடிப்பது, பொறி வைப்பது, விஷம் வைப்பது, இரை போட்டு வரவழைப்பது, அதற்கான முயற்சி எல்லாம் அடங்கும். விட்ட அம்பு படாமல் போனாலும் வழக்கு வழக்குதான். செத்த விலங்கு அரசின் சொத்து. கறியை எடுத்தவர், வாங்கியவர், சமைத்தவர் என்று வரிசையாக மாட்டுவார்கள். வாசகரின் மகனுக்குப் போலீஸ் வேலையோ ராணுவமோ ஆசை இருந்தால், ஒரு அம்பில் அது முடிந்துபோகும்.

காட்டுப்பன்றிக்கு மட்டும் ஒரு வழி திறந்திருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டரைத் தாண்டினால் சுடலாம். இதையெல்லாம் செய்வது வனத்துறையினர் மட்டுமே, நாம் அல்ல. கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், வனத்துறை ஊழியர் அடங்கிய குழு வழியாக இது நடக்க வேண்டும். மானுக்கு இந்த ஏற்பாடு கிடையாது.

இதை நான் பரண் மேல் உட்கார்ந்து சொன்னபோது வயல்காரர் சிரித்தார். அவர் வயலுக்கும் காட்டுக்கும் இடையே ஒரு வண்டிப்பாதைதான். முதல் வட்டத்திலேயே இருக்கிறார். காட்டை ஒட்டியவனுக்குத்தான் சேதம் அதிகம். அவனுக்குத்தான் இந்த அறிவிப்பில் ஒன்றும் இல்லை. அரசு ஊழியனாக இருந்தாலும் எனக்கு அது சரியாகப் படவில்லை. காடு விலங்குக்கு வீடு என்பதும், வீட்டு வாசலில் வைத்து அதைச் சுடக்கூடாது என்பதும் நியாயமே. அப்படியானால் அந்த 1 கிலோமீட்டருக்குள் இருப்பவருக்கு வேலிக்கும் இழப்பீட்டுக்கும் முதலிடம் கொடுக்க வேண்டும்.

அந்த அம்மா ஒரு கணக்குச் சொன்னார். 60-ஆம் நாள் வாக்கில் கதிர் விடும். 105-ஆம் நாள் அறுவடை. நடுவே 45 இரவு. தினம் 2 பேர். ஓர் இரவுக்கு ஆளுக்கு 400 ரூபாய் என்று வைத்தாலும் 36,000 ரூபாய். "விதை எழுதறீங்க, உரம் எழுதறீங்க, படைப்புழுவுக்கு மருந்து எழுதறீங்க. எங்க ராத்திரிக்கு யாரு சார் கூலி எழுதறா?" என்றார். சாகுபடிச் செலவுப் பட்டியலை எத்தனையோ முறை அச்சடித்துக் கொடுத்த துறை எங்களுடையது. காவல் கூலி என்று அதில் ஒரு வரி இருந்து நான் பார்த்ததில்லை. 3 ஏக்கருக்குப் பிரித்தால் ஏக்கருக்கு 12,000 ரூபாய். இந்த இதழில் வரும் "லாபக் கணக்கு" பெட்டியில் இனி அந்த வரியையும் சேர்க்கச் சொல்லி ஆசிரியருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

விடியற்காலை 3 மணிக்கு மான் வந்தது. 6 உருப்படி. சோளத்துக்குள் போகவில்லை, பக்கத்து உளுந்து வயலில் கொழுந்து மேய்ந்தன. டார்ச் அடித்ததும் கண்கள் பச்சையாக மின்னின, உடனே போய்விடவில்லை. டின் அடித்த பிறகு புடவை வேலியைத் தாவிக்கொண்டு ஓடின. மானுக்கு வேலி என்றால் ஆள் உயரத்துக்கு மேல் வேண்டும்; பன்றிக்கு வேலி என்றால் தரையோடு தரையாக வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வேலி போடுவதில்தான் செலவு ஏறுகிறது.

தயவுசெய்து எதைச் செய்யக்கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மோட்டார் கொட்டகையிலிருந்து நேராகக் கம்பி இழுத்து வயலைச் சுற்றிக் கட்டுவது கொலைக்குச் சமம். அதில் பன்றியைவிட மனிதர்கள் செத்த செய்திகளைத்தான் நாம் அதிகம் படிக்கிறோம். பல நேரம் கம்பி கட்டியவரே, அல்லது அவர் வீட்டு ஆளே. அவுட்டுக்காய் எனப்படும் நாட்டு வெடியில் பசுமாட்டின் வாய் சிதறும். போரேட் குருணையைத் துணியில் கட்டித் தொங்கவிடும் பழக்கமும் இன்னும் இருக்கிறது. அந்த மருந்து 2020 முடிவோடு நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. பழைய பாக்கெட் வீட்டில் இருந்தால் எடுத்து எந்த வேலைக்கும் பயன்படுத்த வேண்டாம்.

சூரிய மின்வேலி வேறு. அதில் மின்சாரம் நொடிக்கு ஒரு துடிப்பாக மட்டும் வரும். அடிக்கும், ஆனால் முறைப்படி அமைத்தால் கொல்லாது. தமிழ்நாட்டில் 2023 முதல் மின்வேலிகளைப் பதிவு செய்வதற்குத் தனி விதிகள் இருக்கின்றன. கடைக்காரர் சொன்னார் என்று போட்டுவிடாமல், வனத்துறையில் அனுமதி கேட்டு, வேளாண் பொறியியல் துறையில் மானியம் உண்டா என்று விசாரித்துவிட்டுப் போடுங்கள். கீழ்க் கம்பி தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் இருந்தால் பன்றி மூக்கை விட்டுத் தூக்கிவிடும். கம்பியில் புல் உரசினால் அடி குறையும். வாரம் ஒருமுறை புல் அறுக்க முடியாதவர்கள் அதில் பணம் போட வேண்டாம்.

சேதம் ஆகிவிட்டால், சாய்ந்த பயிரை அன்றே அறுத்து மாட்டுக்குப் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் பார்வையிட வருபவருக்கு என்ன தெரியும்? கால் தடத்தோடு சேர்த்துப் படம் எடுத்து, அடங்கல், பட்டா நகலோடு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். பார்வையிட்ட பிறகு அறுங்கள்.

பரணைப் பற்றி ஒன்று. அமெரிக்க வேட்டைக்காரர்களுக்கு அதிகம் அடிபடுவது அம்பாலோ விலங்காலோ அல்ல, பரணிலிருந்து விழுந்துதான். அதனால் மரத்தோடு சேர்த்து உடம்பைக் கட்டும் வார்ப்பட்டையை வலியுறுத்துகிறார்கள். நம் ஆட்கள் தூக்கக் கலக்கத்தில் நடு இரவில் இறங்கி ஏறுகிறார்கள். கொச்சக்கயிறு ஒரு பாகம் போதும். அக்குளுக்குக் கீழே நெஞ்சைச் சுற்றிக் கட்டி மறுமுனையை அடிமரத்தில் கட்டுங்கள். ஏறும் கட்டைகளை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அந்த அம்மாவிடம் சொன்னேன். "மாடு கட்டற மாதிரியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

காலையில் சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரம் போய்ச் சேர்ந்தேன். மழை நின்ற மறுநாள். வழியெல்லாம் சம்பா கதிர் வாங்கி நின்றது. வேப்பூரிலிருந்து 2 மணி நேரப் பயணம்தான், ஆனால் இந்தப் பக்கத்து விவசாயியிடம் மான் என்றால் நடராஜர் கோவிலைப் பற்றிப் பேசுவார்; சிவன் கையில் இருக்கும் மான். பன்றி என்றால் பக்கத்திலேயே ஒரு கோவில் இருக்கிறது.

அண்ணாமலை நகரில், பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு நடுவே, திருவேட்களம். வேளாண்மை படித்த காலத்தில் பரீட்சைக்கு மட்டும் நாங்கள் எட்டிப்பார்த்த பாசுபதேஸ்வரர் கோவில். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். பன்றி வடிவில் வந்த அசுரன் மீது அர்ச்சுனன் ஓர் அம்பு விட, வேடன் வடிவில் வந்த சிவன் ஓர் அம்பு விட, யார் அம்பில் பன்றி செத்தது என்று இருவரும் கட்டிப் புரண்ட இடம் என்று தலபுராணம் சொல்கிறது. கடைசியில் பாசுபதம் கிடைத்தது. வில் வேட்டை உள்ள எந்த நாட்டிலும் முதல் சண்டை இதுதான்: யார் அம்பு பட்டது? பன்றியைக் கொன்றதற்கு வரம் வாங்கியவர் அர்ச்சுனன் ஒருவர்தான். நமக்குச் சம்மன்தான் வரும்.

நம் மாவட்டத்துத் திரௌபதி அம்மன் கோவில் திருவிழாக்களில் இதற்கு முந்தைய காட்சியைத் தெருக்கூத்தாகப் பார்த்திருப்பீர்கள். அர்ச்சுனன் தபசு. உயரமான மரத்தை நட்டு, படி கட்டி, உச்சியில் சின்னப் பரண் அமைப்பார்கள். வேஷக்காரர் வில்லோடு, படிக்குப் படி பாட்டுப் பாடிக்கொண்டு ஏறுவார். மேலே போய் உட்கார்ந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் கீழே முந்தானையை ஏந்தி நிற்பார்கள். மரத்துப் பரணும் வில்லும் சேர்ந்து நம் ஊரில் சட்டப்படி நடப்பது இந்த ஒன்றுதான். அந்தக் கலைஞர்களும் இடுப்பில் கயிறு இல்லாமல்தான் ஏறுகிறார்கள். சிதம்பரத்துக்குப் பெரும்பற்றப்புலியூர் என்று ஒரு பெயர் உண்டு. விடியுமுன் மரம் ஏறிப் பூப்பறிக்க வழுக்காத புலிக்கால் வேண்டும் என்று வரம் கேட்ட முனிவரின் ஊர். விழுந்துவிடுவோம் என்ற எண்ணம் அவருக்கே இருந்திருக்கிறது.

கோவிலிலிருந்து வெளியே வந்து, எனக்கு வேலை இருந்த ஊருக்குப் போனேன். வேலை எலி. சம்பா கதிர் வாங்கும் நேரத்தில் வரப்பெல்லாம் வளை. இங்கே வில் வேட்டை இன்றும் நடக்கிறது, யாரும் வழக்குப் போடுவதில்லை. கிட்டி வைக்கும் பெரியவர் ஒருவர் காலையில் கிட்டிகளைச் சேகரித்துக்கொண்டிருந்தார். மூங்கிலை வில்லாக வளைத்து நாண் கட்டிய பொறி. நடுவே வறுத்த அரிசி மாவு வாசனையில் ஒரு உருண்டை. எலி அதைக் கடித்து இழுத்ததும் வில் விடுபட்டு நாண் கழுத்தை நெரிக்கும். விஷம் இல்லை, அதனால் செத்த எலியைத் தின்று ஆந்தையோ நாயோ சாவதில்லை. எத்தனை எலியோ அத்தனைக்குக் கூலி. "வளை வாயில வைக்கக் கூடாது சார். அது நடக்குற தடத்துல வைக்கணும்" என்றார். அமெரிக்காவில் பரண் கட்டுபவரும் இதையேதான் சொல்கிறார்.

அந்த வயலில் ஏக்கருக்கு 15, 20 என்ற கணக்கில் "டி" வடிவக் குச்சிகளும் நட்டிருந்தார்கள். கூகைக்கான பரண். பயிருக்கு மேல் ஒரு அடி உயர்ந்திருந்தால் போதும். பக்கத்தில் தெருவிளக்கு இருக்கக்கூடாது. கூகை சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும், காது கொடுத்துக் கேட்கும், இறங்கும். காவல் கூலி கேட்காது. குச்சிக்கு அடியில் கூகை கக்கிய உருண்டைகள் கிடந்தன. ஒன்றை எடுத்துத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தோம். மயிருக்கு நடுவே 3 மண்டையோடுகள். பெரியவர் அன்று தன் கிட்டிகளை எண்ணினார்; 40 வைத்ததில் 26 எலி.

வேப்பூர் வாசகருக்குத் தபாலில் தனியாகவும் பதில் போட்டுவிட்டேன். அதனுடன் வனச்சரக அலுவலகத்துக்கு எழுத வேண்டிய மனுவின் மாதிரியும் வைத்திருக்கிறேன். மகன் வில் பழக விரும்பினால் விளையாட்டுத் துறையில் கேட்கச் சொல்லியிருக்கிறேன். வைக்கோல் போரில் ஒட்டிய வட்டத்தைக் குறிபார்க்கச் சட்டத்தில் தடை இல்லை.